பதினொன்றாவது பல்

நூலகம்,
சனிக்கிழமை மதியம்.

அன்புள்ள சின்னவளுக்கு,

அக்கா எழுதுவது. முதலில் செய்தி, பிறகுதான் மற்றதெல்லாம். நீ போட்ட சட்டம் அதுதானே. அப்பா இருக்கிறார். நான் இதை எழுதும் நேரத்தில் வீட்டில் உட்கார்ந்து உன் நாவலின் இரண்டாம் பாகத்தை மூன்றாவது முறையாகப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறார். ஆனால் அவர் இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டது. இந்த மாதக் கடைசிக்குள் ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். செய்தால் நன்றாகிவிடுவார் என்றும் சொன்னார். இரண்டையும் எழுதிவிட்டேன். எதையும் உள்ளே வைத்துக்கொள்ளவில்லை.

பிரச்சினை என்னவென்றால், மனிதர் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார். காரணத்தைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வாய். "மூணாவது பாகம் வரட்டும். அதுல அக்காவும் தங்கச்சியும் சேர்றாங்களா இல்லையான்னு தெரியாம நான் மயக்க ஊசி போட்டுக்க மாட்டேன்" என்று டாக்டரிடமே சொல்கிறார். டாக்டர் ஏதோ எங்கள் வீட்டுப் பாகப்பிரிவினை விவகாரம் என்று நினைத்துக்கொண்டு, "எல்லாம் பேசித் தீர்த்துக்கலாம் சார்" என்று ஆறுதல் சொன்னார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நாற்பது வருஷம் ஊரிலுள்ள லிஃப்டையெல்லாம் ரிப்பேர் பார்த்தவர், லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறார். இப்போதெல்லாம் ஏறி வரும்போது இரண்டாவது மாடியில் நின்று கரண்ட் மீட்டரைப் பார்ப்பதுபோல் பாசாங்கு செய்கிறார். "எவ்ளோ யூனிட் ஓடியிருக்குன்னு பார்க்கிறேன்" என்கிறார். அது நம் மீட்டர் இல்லை, கீழ்வீட்டுக்காரருடையது. ஐந்து நிமிஷம் யூனிட் பார்க்கிறார். மேலே கதவருகில் நின்று அவர் மூச்சு வாங்குவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இறங்கிப் போய்க் கையைப் பிடித்தால் கோபம் வந்துவிடும்.

இந்த மாதக் கருத்துச் சீட்டுகள் பதினேழு சேர்ந்திருக்கின்றன, இதோடு வைத்திருக்கிறேன். எங்கள் நூலகத்து வழக்கம் உனக்குத் தெரியும். புத்தகத்தைத் திருப்பித் தரும்போது சீட்டில் ஒரு வரியாவது எழுதாவிட்டால் வாங்கிக்கொள்ள மாட்டேன். பெயர் வேண்டாம், தொழிலைப் போட்டால் போதும். மற்ற புத்தகங்களுக்கு 'நன்று' என்று கிறுக்கிவிட்டு ஓடுகிறவர்கள்தான், உன் 'வாய்க்கோட்டை'க்கு மட்டும் பின்பக்கமும் எழுதுகிறார்கள்.

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் ஒருவர் எழுதியிருப்பதைப் படி: "மந்திரம் என்றால் ஒரு கோல், கொஞ்சம் வெளிச்சம், ஏதாவது வேண்டாமா? கெட்ட செய்தியைக் கேட்டவள் வாயை மூடிக்கொண்டால் அது நடக்காத மாதிரி நின்றுவிடுமாம். செத்தவர் முழுசாகச் சாக மாட்டாராம். சொல்லாமல் இருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பல் விழுமாம். என் மனைவி இதைத் தினமும் செய்கிறாள், இதுவரை ஒரு பல்லும் விழவில்லை." பல் டாக்டர் ஒருவர், செய்தியை வாய்க்குள் வைத்துக் காக்கிற காவலர்களில் ஞானப்பல் முளைக்காதவர்களுக்குப் பதவியில் நான்கு நாள் குறையுமா என்று கேட்கிறார். கணக்கு டீச்சர் வழக்கம்போல் உன்னைப் பிடித்துவிட்டாள். முதல் பாகத்தில் கிழக்குவாசல் காவலனுக்கு முப்பத்திரண்டும் கொட்டிவிடுகிறது, இருபது பக்கம் தள்ளி அவனே கொட்டையைக் கடித்து உடைக்கிறான். அடுத்த பதிப்பில் திருத்திவிடு.

பதினேழில் பன்னிரண்டு பேர் மூத்தவளை வில்லி என்கிறார்கள். தாயான அரசி இறந்ததைத் தங்கைக்குச் சொல்லாமல் பதினொரு பல் விழும்வரை வாயைக் கட்டிக்கொண்டு இருந்தாளே, கோட்டையைத் தன் கைக்குள் வைத்துக்கொள்ளத்தான் என்பது அவர்கள் கட்சி. மூன்றாம் பாகத்தில் அவளை முதல் அத்தியாயத்திலேயே முடித்துவிடுங்கள் என்று ஒரு தையல்காரர் வேண்டுகோள் விடுத்திருக்கிறார். மருந்துக்கடைக்காரி மட்டும் எப்போதும்போல் மூத்தவளுக்காகப் பேசுகிறாள். "தங்கை அப்போது உப்புப் பாலைவனத்தைக் கடந்துகொண்டிருந்தாள். பாதி வழியில் தெரிந்திருந்தால் அங்கேயே விழுந்திருப்பாள். அவள் நன்மைக்காகத்தான் மூத்தவள் சொல்லவில்லை" என்று எழுதியிருக்கிறாள். எனக்கு இதில் கருத்து கிடையாது. சீட்டைச் சேர்த்து அனுப்புவதுதான் என் வேலை.

நீ எப்போது முடிப்பாய்? அவசரப்படுத்தவில்லை. இல்லை, அவசரப்படுத்தத்தான் செய்கிறேன். முடிக்க நாளாகும் என்றால் அப்பாவுக்கு இரண்டு வரி எழுது. நீ சொன்னால் கேட்பார், நான் சொன்னால் மீட்டர் பார்க்கப் போய்விடுவார்.

நேரத்துக்குச் சாப்பிடு. கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே.

அக்கா.


செவ்வாய்.

அக்காவுக்கு,

சீட்டுகள் வந்து சேர்ந்தன. அப்பா விஷயத்தை முதல் பத்தியிலேயே எழுதியதற்கு நன்றி. அவருக்குத் தனியாக எழுதி, ஒட்டி உள்ளே வைத்திருக்கிறேன். பிரிக்காமல் கொடுத்துவிடு. ஆபரேஷனுக்குப் போகச் சொல்லித்தான் எழுதியிருக்கிறேன்.

முடிவை அவருக்குச் சொல்லலாம் என்றால் எனக்கே தெரியவில்லை. ஒரு மாதமாகக் கடைசி அத்தியாயத்துக்கு வெளியே நிற்கிறேன். தங்கை வந்து கோட்டைக் கதவைத் தட்டிவிட்டாள். மூத்தவள் கதவைத் திறந்து என்ன சொல்வாள் என்று எனக்குப் பிடிபடவில்லை. ஆறு விதமாக எழுதிப் பார்த்தேன். ஆறும் பொய்.

ஒரு உதவி வேண்டும். அந்த மருந்துக்கடைக்காரியைப் பார்த்துக் கேள். மூன்று சீட்டு எழுதியிருக்கிறாள், மூன்றிலும் தங்கையின் நன்மைக்காக என்கிறாள். நான் நம்பவில்லை. நன்மைக்காக ஒருத்தி இரண்டு நாள் வாயை மூடுவாள், மூன்று நாள் மூடுவாள். பதினொரு நாள் எதற்கு? அவள் சொல்வதை அவள் வார்த்தையிலேயே எழுதி அனுப்பு. நீ திருத்தாதே.

டிரைவிங் மாஸ்டரின் மனைவியை நான் விசாரித்ததாகச் சொல்.

இப்படிக்கு,
நான்.


ஆஸ்பத்திரி,
வியாழக்கிழமை.

அன்புள்ள சின்னவளுக்கு,

செய்தி முதலில். அப்பாவை நேற்று முன்தினம் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டோம். காலையில் பேப்பர் வாங்கிக்கொண்டு ஏறி வந்தவர் இரண்டாவது மாடிப் படியில் உட்கார்ந்தார், எழுந்திருக்க முடியவில்லை. கீழ்வீட்டுக்காரரும் அவர் மைத்துனரும் நாற்காலியில் வைத்து இறக்கினார்கள். நினைவு நன்றாக இருக்கிறது. பேசுகிறார். இந்த ஆஸ்பத்திரி லிஃப்ட் ஒவ்வொரு மாடியிலும் அரை அங்குலம் தாழ்வாக நிற்கிறதாம், யாரைக் கூப்பிட்டுச் சொல்வது என்று நர்ஸைக் குடைகிறார். உதடு மட்டும் வெளுத்திருக்கிறது.

ஆபரேஷன் அடுத்த புதன் காலை எட்டு மணிக்கு. டாக்டர் சொன்னதை ஒரு சொல் விடாமல் எழுதுகிறேன்: "போன வாரம் பண்ணியிருந்தா நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு சொல்லியிருப்பேன். இப்போ எண்பது. இன்னும் தள்ளினா என்னைக் கேக்காதீங்க." அப்பா இன்னும் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடவில்லை. உன் கடிதம் போன வாரமே வந்தது, பிரிக்காமல்தான் கொடுத்தேன். இரண்டு தடவை படித்துவிட்டு, "உடம்பைப் பாத்துக்கச் சொல்லியிருக்கா. முடிவைச் சொல்லலை" என்று மடித்து வைத்துவிட்டார். இதைக் கூரியரில் போடுகிறேன். திங்கள் காலை உன் கைக்கு வந்துவிடும் என்றார்கள்.

இனி நீ கேட்டது. மருந்துக்கடைக்காரி என்று ஒருத்தி கிடையாது.

அந்த மூன்று சீட்டும் நான் சொல்லச் சொல்ல எங்கள் நூலகத்தில் புத்தகம் தைக்கிற பைண்டர் அம்மா எழுதியவை. என் கையெழுத்து உனக்குத் தெரியும் என்பதால் அவளைப் பிடித்தேன். மூன்றாவது சீட்டை எழுதும்போது பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "ஏங்க, அந்த மூத்தவளுக்காக இவ்ளோ வாதாடுறீங்களே, உங்களுக்குச் சொந்தமா?" என்று கேட்டாள். பசை காயுது, வேலையைப் பாருங்க என்று அதட்டிவிட்டேன். பன்னிரண்டு பேர் திட்டும்போது ஒருத்தியாவது பேச வேண்டாமா என்று தோன்றியது. நாற்பத்திரண்டு வயதில் இது என்ன வேலை என்று நீ கேட்கலாம். வெட்கமாகத்தான் இருக்கிறது.

இன்னொன்றும் செய்தேன், அது இதைவிட மோசம். நிஜமான சீட்டு ஒன்றை உனக்கு அனுப்பாமல் மறைத்தேன். நான்கு மாதமாக அது தேதி முத்திரை வைக்கும் இழுப்பறையில் மைத்திண்டுக்கு அடியில் கிடந்தது. ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் எழுதியது. இத்துடன் இருக்கிறது. மசி பட்டு எழுத்து மங்கியிருந்தால் என்று இங்கேயும் எழுதுகிறேன்:

"மூத்தவள் கோட்டைக்காகச் செய்தாள் என்கிறார்கள். தங்கைக்காக என்கிறார்கள். முப்பது வருஷம் வீடு வீடாகச் செய்தி கொண்டுபோய்க் கொடுத்தவன் சொல்கிறேன். இரண்டும் இல்லை. அவளுக்குப் பயம். தங்கையிடம் சொல்லிவிட்டால் மூத்தவளுக்கே அது நிஜமாக நடந்ததாகிவிடும்."

அவர் எதிரில் நின்றுகொண்டிருக்கும்போதே படித்தேன். முத்திரை குத்திப் புத்தகத்தை வாங்கிக்கொண்டேன். அன்று சாயங்காலம்வரை புத்தகம் அடுக்கினேன், பாதி தப்பான அலமாரியில். மறுநாள் பைண்டர் அம்மாவைக் கூப்பிட்டு முதல் பொய்ச் சீட்டை எழுத வைத்தேன்.

பதினொரு நாள் எதற்கு என்று கேட்டாய். சொல்கிறேன், நீ கேட்டபடி திருத்தாமல்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அம்மா இறந்ததை, வெளியூரில் நீ எழுதிக்கொண்டிருந்த பரீட்சைக்காக மறைத்தேன் என்று பிறகு எல்லோரிடமும் சொன்னேன். உன்னிடமும் அதையேதான் சொன்னேன். அத்தை என் கன்னத்தைத் தடவி, பொறுப்பான பொண்ணு என்றாள். முதல் மூன்று நாள் அது உண்மை. உன் பரீட்சை நாலாம் நாளே முடிந்துவிட்டது. எனக்குத் தெரியும். அட்டவணையை அம்மாதான் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி, முடிகிற நாளைச் சுற்றி சிவப்பு வட்டம் போட்டு வைத்திருந்தாள். மீதி ஏழு நாளுக்கு எந்தப் பரீட்சையும் கிடையாது.

தினமும் ஏழு மணிக்கு நீ போன் செய்வாய். "அம்மா என்ன பண்றாங்க?" என்று கேட்பாய். "தூங்குறாங்கடி, இப்போதான் மாத்திரை போட்டாங்க" என்பேன். "எழுப்பாதேக்கா, பாவம்" என்பாய். அந்த இரண்டு நிமிஷமும் எனக்கும் அம்மா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். நான் நிஜமாகவே குரலைத் தாழ்த்திப் பேசினேன், எழுந்துவிடப் போகிறாள் என்று. போனை வைத்துவிட்டு அந்த அறைக்கதவைச் சத்தமில்லாமல் சாத்துவேன். மறுநாள் ஏழு மணி எப்போது வரும் என்று காத்துக்கிடப்பேன். வீட்டுக்கு வந்தவர்கள், தெருவில் பார்த்தவர்கள் எல்லோருக்கும் அம்மா செத்துவிட்டாள். உலகத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் உயிரோடு இருந்தாள், அது நீ. உன்னிடம் சொன்னால் பிறகு எங்குமே இருக்க மாட்டாள். உன்னை நான் காப்பாற்றவில்லை சின்னவளே. உன்னை வைத்துக்கொண்டு என்னைக் காப்பாற்றிக்கொண்டேன். அம்மாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கிற உரிமையை உன்னிடமிருந்து பிடுங்கித்தான் அதைச் செய்தேன்.

பதினோராம் நாள் நான் வாளியில் துணி அலசிக்கொண்டிருந்தபோது போன் அடித்து அப்பா எடுத்துவிட்டார். உனக்குத் தெரியும் என்றே அவர் நினைத்திருந்தார். டிக்கெட் கிடைக்கவில்லை, துக்கத்தில் அவளால் பேச முடியவில்லை என்று அவரிடமும் சொல்லி வைத்திருந்தேன். அவர் எடுத்த எடுப்பில், "அழாதேம்மா, அம்மா கஷ்டப்படாமத்தான் போனா" என்றார். பிறகு வெகுநேரம் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றார். நீ என்ன சொன்னாய் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆறு வருஷமாக அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இதுதான் காரணம். நியாயம் என்று சொல்லவில்லை, காரணம் மட்டும். கதைக்கு வேண்டுமானால் எடுத்துக்கொள். மூத்தவளைக் கொல்வதென்றால் தாராளமாகக் கொல், தையல்காரர் சந்தோஷப்படுவார். கதவைத் திறக்காமலே தங்கை திரும்பிப் போவதானாலும் சரி. எனக்காக ஒரு வரியும் மாற்றாதே.

நேற்று இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். பரீட்சை நாலாம் நாள் முடிந்ததையும் சொன்னேன். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "அந்த அட்டவணையை நானும்தான் தினம் பார்த்தேன்" என்றார். அவருக்கு ஆறு வருஷமாகத் தெரிந்திருக்கிறது. பிறகு என்னைப் பார்த்து, "அவகிட்ட சொல்லிட்டியா?" என்றார். எழுதப் போகிறேன் என்றேன். "எழுது. அவ என்ன சொல்றான்னு பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுறேன்" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். எண்பது எழுபதாகும் என்று கத்திப் பார்த்தேன். பக்கத்துக் கட்டில்காரர்கூட அவருக்குப் புத்தி சொன்னார். மனிதர் அசையவில்லை.

அதனால் கேட்கிறேன். ஆறு வருஷமாக நீ போனில் என் குரலைக் கேட்க மறுக்கிறாய், நம்பரையும் மாற்றிக்கொண்டாய். அது உன் நியாயம். இந்த ஒரு தடவை மட்டும் போன் செய். திங்களோ செவ்வாயோ மாலை ஐந்திலிருந்து ஆறு வரை நான் அவர் பக்கத்தில் இருப்பேன். என் பழைய நம்பர்தான், மாற்றவில்லை. அடித்ததும் ஒரு வார்த்தை பேசாமல் அவர் காதில் வைத்துவிட்டு வராந்தாவுக்குப் போய்விடுவேன். அக்காவை மன்னித்துவிட்டேன் என்று அவருக்காகப் பொய் சொல்லாதே, கண்டுபிடித்துவிடுவார். முடிவு இன்னும் எழுதவில்லை என்று உண்மையைச் சொல். எழுதியதும் முதலில் அவர்தான் படித்துச் சீட்டு எழுதித் தர வேண்டும், அதற்கு அவர் இருந்தாக வேண்டும் என்று சொல். போதும், கையெழுத்துப் போட்டுவிடுவார்.

வர முடிந்தால் வா. நான் வீட்டில் இருக்க மாட்டேன், பைண்டர் அம்மா வீட்டில் இடம் கேட்டிருக்கிறேன். சாவி கீழ்வீட்டில் இருக்கும்.

நீ எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும். என்னோடு பேசாவிட்டாலும் நன்றாக இருக்க வேண்டும். புதன்கிழமை எட்டு மணிக்கு மேல் டாக்டர் வெளியே வந்து என்னிடம் ஏதோ ஒன்று சொல்வார். அது எதுவானாலும் ஒரு நிமிஷம்கூட அதை நான் என்னிடம் வைத்திருக்கக் கூடாது. நீ அழைக்கும்போது உன் நம்பர் என் போனில் விழுந்துவிடும். அழிக்கச் சொன்னால் வியாழக்கிழமை அழித்துவிடுகிறேன். புதன்கிழமைக்கு மட்டும் இருக்கட்டும்.

அக்கா.